சிக்னலில் நின்று ஆடிய விளையாட்டு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் எந்தப் பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

2. சென்னையில் ஒரு நிறுவனம் ஆள் தேடியது. கணினி விளையாட்டுகள் வெளிவரும் முன் அவற்றை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை. விண்ணப்பித்தேன்.

3. தேர்வாக ஓர் அறிக்கை கேட்டார்கள். ஒரு நகரம் முழுக்க இஷ்டம்போல் சுற்றலாம், கார் திருடலாம், கொள்ளையடிக்கலாம், போலீசிடமிருந்து தப்பிக்கலாம் என்று ஒரு பிரபலமான விளையாட்டுத் தொடர் இருக்கிறது. அதன் பாகங்களை ஒப்பிட்டு, எது எதில் முன்னேறியது, எதில் பின்தங்கியது என்று எழுத வேண்டும்.

4. எழுதி அனுப்பினேன்.

5. அதில் நான் அதிகம் பெருமைப்பட்ட பத்தி தவறு என்று தெரியவந்தது.

6. அந்தத் தவறு எனக்கு வந்தது அம்மாவிடமிருந்து. அது தவறு என்று அவருக்கும் தெரியாது.

ஆறாவதை விளக்க வேண்டும் என்றால் நானும் தம்பியும் பள்ளியில் படித்த காலத்துக்குப் போக வேண்டும். அப்பா சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயார் செய்யும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே கழித்துப் போட்ட ஒரு கணினியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கட்டி, துறைமுகச் சாலையில் உப்பு லாரிகளுக்கு நடுவே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். மறு வாரமே தம்பி அந்த விளையாட்டின் முதல் பாகத்தை யாரிடமோ சிடியில் வாங்கி வந்துவிட்டான்.

அம்மா ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பக்கத்தில் உள்ள கிறிஸ்தவ ஊரான நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவர். தம்பி ஆடத் தொடங்கியபோது எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பயிற்சி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். திரையில் நாயகன் ஒரு காரின் கதவைத் திறந்து, ஓட்டுநரைச் சட்டையைப் பிடித்து இழுத்துச் சாலையில் போட்டான். அம்மாவின் பேனா நின்றுவிட்டது.

“ஏல, அந்தாள எதுக்கு இழுத்துப் போட்ட?”

“கார் வேணும்லாம்மா.”

“நம்ம ஸ்கூட்டர ஒருத்தன் இப்படி எடுத்துட்டுப் போனா அப்பா சும்மா இருப்பாங்களா?”

“இது கேம்மா.”

“இருக்கட்டும். பாவம், அவன் எங்கயோ வேலைக்குத்தான போயிட்டிருந்தான்.”

மற்ற வீடுகளில் இந்த இடத்தில் சிடி உடைந்திருக்கும். தம்பியின் வகுப்பில் இரண்டு பேருக்கு உடைந்தது. அம்மா அப்படிச் செய்யவில்லை. நாற்காலியை இழுத்து எங்களுக்கு நடுவில் போட்டுக்கொண்டு, ஆட வேண்டிய முறையைச் சொன்னார். ஆள் இருக்கும் காரை எடுக்கக் கூடாது. யாரையாவது இடித்துவிட்டால் ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். சிக்னலில் சிவப்பு விழுந்தால் நிற்க வேண்டும், கோட்டுக்கு முன்னால். யாரையாவது சுடச் சொல்லி விளையாட்டு கேட்டால், முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆராதனை முடியும்வரை கணினியைத் தொடக் கூடாது. கடைசியாக, ஆளுக்கு ஒரு மிஷன், அதாவது விளையாட்டு கொடுக்கும் ஒரு வேலை. ஒன்று தம்பி ஆடினால் அடுத்தது நான்.

அந்தக் கடைசி விதிக்காக நான் அம்மாவுக்கு நன்றி சொல்லாத வருடம் இல்லை. என்னோடு படித்த பெண்களில் பலர் வீட்டிலும் கணினி இருந்தது. அண்ணனோ தம்பியோ ஆட, பின்னால் நின்று பார்த்ததுதான் அவர்களுக்குக் கிடைத்தது. எங்கள் வீட்டில் என் முறை வந்தால் தம்பி எழுந்துகொள்ள வேண்டும். முனகுவான். ஆனால் எழுந்துகொள்வான்.

முதல் பாகத்தில் நகரம் மூன்று தீவுகளாக இருக்கும். கொடுத்த வேலைகளை முடித்தால்தான் அடுத்த தீவுக்குப் பாலம் திறக்கும். எங்களுக்குப் பாலம் வெகு நாள் திறக்கவில்லை. காரணம், சுடச் சொன்ன ஒவ்வொரு ஆளையும் அம்மா விசாரித்தார். “அவன் என்ன செஞ்சான்?” என்று கேட்டு, திரையின் கீழே வரும் ஆங்கில வரிகளைச் சத்தமாக வாசித்து, “இதுக்குப் போயி ஒரு ஆளக் கொல்லுவாங்களா, கூப்பிட்டு வச்சுப் பேசுனா முடிஞ்சிது” என்று தீர்ப்புச் சொல்வார். முதல் தீவின் எல்லாத் தெருக்களும் எங்களுக்கு மனப்பாடம் ஆனபின், தம்பி அழுகிற நிலைக்கு வந்தபின், “பாலம் திறக்குத வரைக்கும் மட்டும்” என்று இறங்கி வந்தார்.

சிக்னல் கதை இந்தப் பாகத்தில்தான் தொடங்கியது. நாம் ஏதாவது தப்புச் செய்து அது போலீசுக்குத் தெரிந்தால், திரையின் மூலையில் ஒரு நட்சத்திரம் எரியும். ஒருமுறை நான் திரும்பும்போது நடைபாதையில் நின்ற ஒருவரை இடித்துவிட்டேன். நட்சத்திரம் எரிந்தது. பதற்றத்தில் வேகமெடுத்தேன்.

“எங்க ஓடுத? முன்னால சிவப்பு விழுந்துருக்கு பாரு. நில்லு.”

“போலீசு வாரான்மா.”

“ஓடுறவளத்தான் பிடிப்பான். ஒழுங்கா நின்னா அவனுக்கு உன்ன எப்படித் தெரியும்? நில்லு ஏளா.”

நின்றேன். பச்சை விழுவதற்குள் நட்சத்திரம் அணைந்தது. அம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டுத் திருத்தப் போனார்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டம். நட்சத்திரம் எரிந்தால் பக்கத்துச் சிக்னலுக்குப் போய் ஒழுங்காக நிற்க வேண்டும், அணைந்துவிடும். பெரும்பாலும் அணைந்தது. சில முறை போலீஸ் வந்து காரிலிருந்து இழுத்து விலங்கு மாட்டியதும் உண்டு. அப்போது நாங்கள் சட்டத்தைச் சந்தேகப்படவில்லை. “கோட்டத் தாண்டி நின்னுருக்க” என்பார் அம்மா. உற்றுப் பார்த்தால் முன்சக்கரம் கோட்டில் ஏறித்தான் இருக்கும். அடுத்த முறை இன்னும் சரியாக நிற்போம்.

இரண்டாவது பாகம் கடற்கரை நகரம். வெயில், பனைமரம், பளபளக்கும் விளக்குகள். துறைமுகத்தில் ஒரு கடத்தல் மிஷன் வந்தது. அன்று அப்பா வீட்டில் இருந்தார். குலசைக் கோயில் தசராவில் வேண்டுதலுக்காகப் போலீஸ் வேஷம் கட்டி வருகிறவரைக் கண்டால்கூடச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்ளும் ஆள் அவர். நாயகன் கப்பலிலிருந்து பெட்டியை நேராக வண்டியில் ஏற்றியதைப் பார்த்து, “இவன் பில் ஆஃப் என்ட்ரியே போடலியே, கேட்ல எப்படி விடுதான்?” என்று, இறக்குமதிக்குக் கட்டாயமான சுங்கத் தாளைச் சொல்லி, உண்மையாகவே கேட்டார்.

அந்தப் பாகத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான். இத்தனை பெரிய கடலை வைத்துவிட்டு நாயகனுக்கு நீச்சல் வைக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் விழுந்தாலும் செத்துப்போவான். “கடக்கரைல இருந்துகிட்டு நீச்சல் தெரியாம கொள்ளையடிக்க வந்துட்டான்” என்றான் தம்பி. முதல் பாகத்திலும் நீச்சல் இல்லை. ஆனால் அங்கே கடலைப் பார்க்கவே தோன்றாது.

மூன்றாவதில் நீச்சல் வந்தது. கடலுக்கடியில் சிப்பிகள்கூட ஒளித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க நாயகன் மூச்சடக்கும் நேரம் கூடும். சங்கு குளிக்கப் போகும் குடும்பத்துப் பையன் ஒருவன் தம்பிக்குக் கூட்டாளி. அவன் பார்த்துவிட்டு, “எங்க அப்பாவுக்கு எடுக்க எடுக்க மூச்சு குறையத்தான செய்யும். இவனுக்கு மட்டும் எப்படிக் கூடுது?” என்றான். பிறகு சிப்பிகள் எல்லாவற்றையும் எடுத்து முடிக்கும்வரை எழுந்து போகவில்லை. இந்தப் பாகத்தில் வயல், மலை, கிராமம் எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால் தொடரில் இதுதான் சிறந்தது.

நான்காவதில் கார்கள் திடீரென்று கனமாகிவிட்டன. பிரேக் அடித்தால் நிற்காது, திருப்பினால் சாயும். தம்பிக்கு ஆகவில்லை. மாட்டுவண்டி ஓட்டுவதுபோல் இருக்கிறது என்றான். ஆனால் அம்மாவுக்கு மிகவும் பிடித்த பாகம் அதுதான். நாயகனின் பெரியப்பா மகனோ யாரோ அடிக்கடி போன் போட்டு, வா வெளியே போகலாம் என்று கூப்பிடுவான். தம்பி அதை எடுக்கவே மாட்டான். அம்மா விட மாட்டார். “சொந்தக்காரன் மெனக்கெட்டு கூப்பிடுதான். போயிட்டு வாயேன், கொள்ள எங்க ஓடிப் போகுது?” அப்படியாக எத்தனையோ கொள்ளைகள் தள்ளிப்போயின.

நான்காவதிலும் அதற்குப் பின் வந்த ஐந்தாவதிலும் எங்கள் சிக்னல் சட்டம் வேலை செய்யவில்லை. நின்றால் பிடித்துவிடுகிறார்கள். எவ்வளவு சரியாகக் கோட்டுக்கு முன்னால் நின்றாலும் பிடிக்கிறார்கள். விளையாட்டைச் செய்தவர்கள் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள் என்று நாங்கள் முடிவு செய்தோம். “ஒழுங்கா இருக்கவனுக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு, அதையும் தூக்கிட்டானுவ” என்று அம்மா வருத்தப்பட்டார்.

சென்னை நிறுவனத்துக்கு நான் எழுதிய அறிக்கையில் இதைத்தான் முக்கியமான பத்தியாக வைத்தேன். வரைபடத்தின் அளவு, கார்களின் எடை, நீச்சல், கதை சொல்லும் முறை, இவற்றையெல்லாம் இணையத்தில் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இதை யாரும் எழுதவில்லை. முதல் மூன்று பாகங்களில் சிக்னலில் நின்றால் போலீஸ் கவனம் குறையும், நான்காவதில் இந்த நுட்பமான அம்சம் நீக்கப்பட்டது, தொடரின் பெரிய பின்னடைவு இதுவே என்று எழுதினேன்.

நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினார். அங்கே சோதனைக் குழுவின் தலைவி. நான் யார்டு கேன்டீனில் இருந்தேன்.

“உங்க ரிப்போர்ட் படிச்சேன். நல்லா இருக்கு. அந்த சிக்னல் பாயின்ட் மட்டும் எங்க பார்த்தீங்க?”

“எங்க வீட்டுல மேடம்.”

“வீட்டுலன்னா?”

“நாங்க ஆடும்போது அப்படித்தான் நடக்கும்.”

“இங்க இந்த கேம்ஸ ஆடாதவங்களே கிடையாது. யாருக்கும் இது தெரியல. உண்மையா இருந்தா பெரிய விஷயம். இல்லன்னா, ஒரு டெஸ்டர் செக் பண்ணாம எழுதிட்டாங்கன்னு ஆகும். அப்புறம் உங்கள எடுக்கறது எனக்குக் கஷ்டம். திங்கட்கிழமைக்குள்ள காட்டிடுங்க.”

வேறு இடங்களுக்கும் எழுதிப் போட்டிருந்தேன். எங்கிருந்தும் பதில் இல்லை. கையில் இருந்தது இந்த ஒரு வாய்ப்புதான்.

சனிக்கிழமை காலையில் பழைய பாகங்களைக் கணினியில் ஏற்றினேன். தம்பி இப்போது ஏரலில் ஒரு பைக் ஷோரூமில் வேலை பார்க்கிறான். விடுப்புச் சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மா பின்னால் விடைத்தாள்களோடு.

சோதனை எளிது. ஒரு நட்சத்திரம் எரிய வேண்டும். ஒருமுறை சிக்னலில் நிற்க வேண்டும், ஒருமுறை சிக்னலே இல்லாத சந்தில் நிற்க வேண்டும், ஒருமுறை நிற்காமல் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதில் நட்சத்திரம் முதலில் அணைகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் நட்சத்திரம் எரிய வேண்டுமென்றால் வேண்டுமென்றே யாரையாவது இடிக்க வேண்டும். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் அது நடந்ததில்லை. விசையில் கையை வைத்துக்கொண்டு திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

“என்ன?”

“வேணும்னே இடிக்கணும்மா. இல்லன்னா டெஸ்ட் பண்ண முடியாது.”

அம்மா சாலையைப் பார்த்தார். தொப்பி போட்ட ஒரு மனிதர் நடந்துகொண்டிருந்தார்.

“ஆம்புலன்ஸ் வரும்லா?”

“வரும்.”

“சரி. உன் வேலைக்குத்தான. மெதுவா இடி.”

மெதுவாக இடித்தேன். சிக்னலில் நின்றேன். அணைந்தது. “பாத்தியா” என்றார் அம்மா.

மறுபடி இடித்து, சந்தில் போய் நின்றேன். அணைந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில். மறுபடி இடித்து, நிற்காமல் சுற்றினேன். அப்போதும் அணைந்தது.

“சந்துலயும் நின்னுதான இருந்த” என்றார் அம்மா. “நிக்கதுதான முக்கியம்?”

“மூணாவது தடவ நிக்கவே இல்லம்மா.”

“மெதுவாப் போனேல்லா.”

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அடுத்த சோதனையை அவன் செய்தான். போலீஸ் கார் ஒன்று பார்வையில் இருக்கும்போதே இடித்துவிட்டு, பக்கத்துச் சிக்னலில், கோட்டுக்கு நன்றாக முன்னால், அம்மா எழுந்து வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்து “சரியா நிக்கான்” என்று சொன்ன இடத்தில் நின்றான். போலீஸ் வந்து கதவைத் திறந்து அவனை இழுத்துப் போட்டது. மூன்று பாகங்களிலும் அப்படித்தான் நடந்தது.

விஷயம் இதுதான். பழைய பாகங்களில் ஒரு நட்சத்திரம் என்பது சின்னத் தப்பு. போலீஸ் கண்ணில் படாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். நாங்கள் சிக்னலில் காத்திருந்த நேரமும் அந்தக் கொஞ்ச நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. பிடிபட்ட நாட்களில் போலீஸ் பக்கத்தில் இருந்திருக்கிறது. புதிய பாகங்களில் தேடும் முறையை மாற்றிவிட்டார்கள்; போலீஸ் தேடும் வட்டத்தை விட்டு வெளியே போனால்தான் அணையும், நின்றால் பிடிபடுவோம். எதையும் யாரும் நீக்கவில்லை. நீக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அம்மா விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்போ இத்தன வருசமா சும்மாவா நின்னுருக்கோம்?”

“சும்மாதாம்மா” என்றான் தம்பி.

“உனக்கு வேல போயிருமா ஏளா?”

“தெரியலம்மா.”

“நான் சொன்னதக் கேட்டுத்தான எழுதுன. அந்த ஆபீசுப் பிள்ளகிட்ட நான் வேணா பேசட்டா?”

வேண்டாம் என்றேன். அப்போது எனக்குக் கோபமே வரவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பிடிக்காத ஒரு விளையாட்டை எங்களுக்காக இத்தனை வருடம் பார்த்தவர் அவர். தடைசெய்வது அதைவிட எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பத்தியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, திருத்திய அறிக்கையை அனுப்பலாம் என்று தம்பி சொன்னான். நான் அப்படிச் செய்யவில்லை. நான் எழுதியது தவறு, இப்படிச் சோதித்தேன், இது கிடைத்தது, எங்கள் வீட்டில் இந்த நம்பிக்கை வந்தது இப்படி என்று எல்லாவற்றையும் எழுதி, சோதனையின் திரைப்பதிவுகளையும் சேர்த்து ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும் முன் அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் கூப்பிட்டார்.

“ஒண்ணு கேக்கணும். அத்தன பார்ட்டும் நீங்க சிக்னல்ல நின்னு நின்னுதான் ஆடினீங்களா?”

“ஆமா மேடம்.”

“எல்லா சிக்னல்லயுமா?”

“அம்மா பின்னாலயே இருப்பாங்க.”

அவர் சிரித்தார். பிறகு அந்தச் சிக்னல்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். முதல் பாகத்தில் ஊர் முழுக்க எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் மாறும். இரண்டாவதில் ஒரு பாலத்தின் முனையில் விளக்கு சாலைக்குப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது, மற்ற கார்கள் மட்டும் சரியாக நிற்கும். மூன்றாவதில் மலையடிவார ஊர் ஒன்றில் எந்தப் பக்கமும் பச்சை விழாத ஒரு முக்கு உண்டு, அங்கே வெகு நேரம் நின்றால் பின்னால் வரும் லாரி பொறுமையிழந்து நம்மை இடித்துவிடும், அதற்கும் நம் மேல்தான் நட்சத்திரம் எரியும். நான்காவதில் மழை பெய்தால் எத்தனை அடிக்கு முன்பே பிரேக் பிடிக்க வேண்டும் என்பது. ஐந்தாவதில் நின்றுகொண்டிருக்கும் பக்கத்துக் காரில் பாட்டு மாறுவது. நான் பேசிக்கொண்டே போனேன். அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

“இதுல பாதிய நாங்க பார்த்ததே இல்ல” என்றார். “யாரும் அங்க நிக்கறதில்லையே.”

அதற்குப் பிறகு இன்னொரு நேர்காணல் நடந்தது. அதில் நிரல் எழுதுவது பற்றிய இரண்டு கேள்விகளுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதையும் அவர் மறைக்காமல் சொன்னார். முடிவு மின்னஞ்சலில் வந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். “ஸ்பெல்லிங் எல்லாம் சரியா இருக்கு, நல்ல ஆபீசுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் டப்பாவோடு வந்தார்.

இப்போதைய நிலை இது. என்னை ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பின் வைத்துக்கொள்வார்களா என்பது என் வேலையைப் பொறுத்தது. யார்டில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதலில் தந்திருக்கும் விளையாட்டு, மீன்பிடிப் படகுகளை ஓட்டிச் செல்லும் சிறிய ஒன்று. இதுவரை வீட்டிலிருந்தபடியே பதினொரு பிழைகளைப் பதிவு செய்திருக்கிறேன், இரண்டை அவர்கள் ஏற்கவில்லை. அடுத்த மாதம் முதல் சென்னையில் இருந்துதான் வேலை. விடுதியில் இடம் கிடைத்துவிட்டது, ரயிலுக்கு முன்பதிவு இன்னும் செய்யவில்லை.